தேர்வுக் கட்டுரை என்னும் இலக்கிய வகை

தமிழ் உரைநடையின் வகைகளை எண்ணிக் காட்டும் நூல்கள் சிறுகதை, புதினம், கடிதம், பயணக் குறிப்பு, வாழ்க்கை வரலாறு என்று வரிசைப்படுத்திச் செல்லும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் எழுதுகின்ற ஒரு வகையை மட்டும் அவை எண்ணுவதில்லை. தேர்வு மண்டபத்தில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, பெயருக்குப் பதிலாக எண் இட்டு எழுதப்படும் கட்டுரையே அது. அதற்கு எழுதுவோர் மிகப் பலர். ஒரு கட்டுரையைப் படிப்பவரோ ஒருவர் அல்லது இருவர். அவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. எழுதியவர் யாரென்று அவருக்கும் தெரியாது. படித்தவர் ஒரு சொல்லும் மறுமொழி கூறுவதில்லை. எழுதிய மாணவரும் தம் எழுத்தைப் பிறகு ஒருநாளும் காண்பதில்லை; மாதங்கள் சில கழிந்தபின் ஓர் எழுத்து மட்டும், ஏ என்றோ சி என்றோ, அவர் கைக்கு வந்து சேர்கிறது.

இத்தகைய எழுத்தை இலக்கியத் திறனாய்வு ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். பொருட்படுத்தத் தக்க காரணம் ஒன்று உண்டு. மலேசியத் தமிழரிற் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் தமிழில் எழுதும் நீண்ட கட்டுரைகளுள் இறுதியானது இதுவாகவே இருக்கிறது. ஐந்தாம் படிவ இறுதியில் எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்தை விட்டு வெளியேறுபவர் பின்னர் தமிழில் திருமண வாழ்த்து எழுதுவார். கைப்பேசியில் நான்கு வரி எழுதுவார். முன்னுரையும் முடிவுரையும் அமைத்து ஒரு கருத்தை நிறுவும் எழுத்தை அவர் மீண்டும் எழுதுவது அரிது. ஆகவே ஒரு சமூகத்தின் உரைநடைப் பழக்கம் எந்த அச்சில் வார்க்கப்படுகிறது என்று அறிய விரும்புவோர் புதினங்களைப் புரட்டுவதினும் இந்தத் தாள்களைப் புரட்டுவது பயன் தரும்.

எஸ்.பி.எம். தேர்வின் சுமையும் சிறிதன்று. பல்கலைக்கழகத்துக்குப் போகும் எஸ்.டி.பி.எம். வகுப்பாயினும், ஓராண்டு மெட்ரிகுலேஷன் கல்வியாயினும், ஆசிரியர் கல்விக் கழகமாயினும் இச்சான்றிதழைக் கொண்டே வாயில் திறக்கும். ஆயுதப்படையில் பயிற்சி அதிகாரியாகச் சேர விழைவோரும் இதனையே காட்டவேண்டும். மலாய்மொழியில் தேறாதவருக்குச் சான்றிதழே இல்லை. 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றுப் பாடத்துக்கும் அந்நிலை வந்தது. தமிழ்மொழியோ விரும்பி எடுக்கும் பாடம். விரும்பி எடுத்த பாடத்திலும் மாணவர் விரும்பி எழுதுவதாகத் தோன்றவில்லை என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

இவ்வகை எழுத்தின் பிறப்பிடம் தொடக்கப்பள்ளி. அங்குப் பயிலப்படும் 'தன்கதை'யை அறியாத தமிழாசிரியர் இந்நாட்டில் இரார். 'நான் ஒரு காலணி' என்று தலைப்பு. காலணி ஒரு தொழிற்சாலையில் பிறக்கிறது. தன்னைப்போன்ற பல நண்பர்களுடன் பெட்டியில் அடைபடுகிறது. கனவுந்தில் ஏறிக் கடைக்கு வருகிறது. கண்ணாடிப் பேழையில் விலைச்சீட்டோடு காத்திருக்கிறது. ஒரு நாள் தந்தை தம் மகனின் பிறந்தநாளுக்கு அதனை வாங்குகிறார். மகன் அதனைப் பொன்போலப் போற்றுகிறான். பின் அது தேய்கிறது, கிழிகிறது, குப்பைத் தொட்டியில் எறியப்படுகிறது. எறியப்பட்டும் அது வருந்துவதில்லை. என் எசமானருக்கு இத்தனை நாள் உழைத்தேன் என்னும் மனநிறைவுடன் கதையை முடிக்கிறது. காலணி என்றவிடத்தில் பேனா, குடை, புத்தகப்பை என எதனை வைப்பினும் கதைக்கு ஊறு நேராது.

கற்பனை வளர்ப்பதற்கென்று வகுக்கப்பட்ட பயிற்சியில் கற்பனைக்கு எஞ்சியிருப்பது பெயர்ச்சொல்லை மாற்றுவது ஒன்றே. இதனை எல்லாரும் சொல்வர். இன்னும் ஒன்று உண்டு. அதனைச் சொல்வார் குறைவு. இக்கதையின் நாயகனுக்குத் தன் விருப்பம் என்று எதுவும் இல்லை. அவன் விலைக்கு வாங்கப்படுகிறான், பயன்படுத்தப்படுகிறான், பயன் தீர்ந்ததும் வீசப்படுகிறான், வீசியவரை வாழ்த்துகிறான். பால்மரக் காட்டில் உழைத்து, தோட்டம் விற்கப்பட்டபின் லயத்தைக் காலி செய்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் 'எசமானர்' என்னும் சொல்லை இத்துணை இனிமையாக எழுதக் கற்றது எப்படி? எவரும் திட்டமிட்டுக் கற்பித்திரார். ஒரு மாதிரிக் கட்டுரையில் வந்த சொல் மறு மாதிரிக் கட்டுரைக்குப் போயிற்று. எதனைச் சொல்கிறோம் என்று நின்று பார்ப்பவர் இல்லாமையால் அது அவ்வாறே தங்கிவிட்டது. படிப்பவர் இல்லாத எழுத்தில் இவ்வாறு நேர்வது இயல்பு.

இடைநிலைப்பள்ளியில் தன்கதை தேய்ந்து, கருத்து விளக்கக் கட்டுரையும் விவாதக் கட்டுரையும் ஓங்குகின்றன. இவற்றின் உடலமைப்பும் உறுதிப்பட்டதே. 'இன்றைய நவீன உலகில்' என்று தொடக்கம். அடுத்து ஒரு திருக்குறள். அது பொருந்துமா என்னும் கேள்வி எழுவதில்லை, ஏனெனில் ஏதேனும் ஒரு குறள் ஏதேனும் ஓரிடத்தில் பொருந்தத்தான் செய்யும். பின்னர் நான்கு பத்திகள். அவை 'மேலும்', 'அதுமட்டுமின்றி', 'தொடர்ந்து', 'இதனைத் தவிர்த்து' என்னும் நான்கு கதவுகளின் வழியே நுழைகின்றன. ஒவ்வொரு பத்தியிலும் ஓர் உவமைத்தொடர் அல்லது மரபுத்தொடர் அமர்ந்திருக்கும். எதுவும் வெள்ளிடைமலையாக விளங்கும். எதுவும் பசுமரத்தாணிபோலப் பதியும். முடிவில் பெற்றோர், ஆசிரியர், அரசாங்கம் ஆகிய முத்தரப்பினரும் கைகோக்க வேண்டும் என்னும் வேண்டுகோளும் ஒரு பழமொழியும். போதைப்பொருள் ஒழிப்பாயினும் நூலகத்தின் பயனாயினும் முத்தரப்பினருக்கு ஓய்வில்லை.

செய்யுளும் மொழியணியும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருப்பது குறைகூறத் தக்கதன்று. பிற நாடுகளில் தமிழ்ப் பிள்ளைகள் பழமொழியைக் கேட்டறியாமலே வளரும் காலத்தில், ஆத்திசூடி முதல் நாலடியார் வரை ஓரளவேனும் மனத்தில் ஏற்றி அனுப்பும் முறை இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் பேறு எனலாம். குறை அவற்றைப் பயன்படுத்தும் விதத்தில் உள்ளது. உவமை என்பது தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றால் காட்டுவது. தேர்வுக் கட்டுரையில் அது எதனையும் காட்டுவதில்லை. தான் வந்திருப்பதை மட்டும் காட்டிக்கொள்கிறது. திருத்துபவர் அடிக்கோடிட வேண்டிய இடம் இது என்று கையுயர்த்தும் அடையாளமாக அது குறுகிவிட்டது. பசுமரத்தில் ஆணி அடித்துப் பார்த்த பிள்ளை ஒன்றும் அக்கட்டுரைகளில் இல்லை.

இந்நோய் தமிழுக்கே உரியதென்று எண்ணிவிடலாகாது. பெருந்தொகையினரை ஒரே அளவுகோலால் அளக்க முற்பட்ட இடமெல்லாம் இது தோன்றியிருக்கிறது. அவ்வளவுகோலின் அண்மைக்கால வரலாறு போர்க்களத்தில் தொடங்குகிறது. 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, படைக்கு வந்த இளைஞரைத் தரம் பிரிக்க ராபர்ட் யெர்க்ஸ் என்னும் உளவியலார் தலைமையில் இரண்டு தேர்வுகள் உருவாயின. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்க்கு 'ஆல்பா'. தெரியாதவர்க்குப் படங்களால் அமைந்த 'பீட்டா'. ஏறத்தாழ பதினேழு இலட்சம் பேர் இவற்றை எழுதினர். அறிவை அளப்பதாகச் சொல்லப்பட்ட ஆல்பாவில், அமெரிக்கக் கடைகளில் விற்ற பண்டங்களின் பெயர் அறிந்தவரே விடையளிக்கத்தக்க வினாக்களும் இருந்தன. கப்பலிலிருந்து அண்மையில் இறங்கிய இத்தாலியரும் போலந்து நாட்டினரும் அதில் பின்தங்கியது வியப்பன்று. அப்பணியில் துணைநின்ற கார்ல் பிரிகாம் 1923இல் அம்மதிப்பெண்களைக் கொண்டு இன ஏற்றத்தாழ்வு பேசும் நூலொன்று எழுதினார். 1930இல் அம்முடிவுகள் அடிப்படையற்றவை என்று தாமே மறுத்தெழுதினார். இடையில், 1926ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அவர் வகுத்த சாட் தேர்வை ஏறத்தாழ எண்ணாயிரம் மாணவர் எழுதியிருந்தனர். கல்லூரி வாயிலில் நிற்கும் அமெரிக்க மாணவர் எழுதும் தேர்வு அதன் வழிவந்ததே. படைச்சேவையை நாடும் உயர்நிலைப்பள்ளி மாணவருக்கோ 1968 முதல் பள்ளிகளிலேயே ஒரு தனித் திறன்தேர்வு நடத்தப்படுகிறது. கல்லூரிக்கும் பாசறைக்குமான இரு தேர்வுகளும் ஒரே குடும்பத்தவை என்பதை மறக்கலாகாது.

இவையெல்லாம் விடையைத் தெரிந்தெடுக்கும் தேர்வுகள். இவற்றில் திருத்துவோர் மனம் நுழைய இடமில்லை. எழுதும் ஆற்றலை இவ்வாறு அளக்க முடியாது என்ற குறை எழவே, 2005இல் சாட் தேர்வில் 25 நிமிடத்தில் எழுதும் கட்டுரை ஒன்று சேர்க்கப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுத்துக்கலை கற்பித்த லெஸ் பெரல்மன் அவ்வாண்டே, வெளியிடப்பட்ட மாதிரிக் கட்டுரைகளையும் அவற்றின் மதிப்பெண்களையும் ஒப்பிட்டார். எட்டி நின்று கட்டுரையின் நீளத்தை மட்டும் பார்த்தே மதிப்பெண்ணைப் பெரும்பாலும் சொல்லிவிட முடிந்தது. செய்திகள் பிழையாயினும் மதிப்பெண் குறையவில்லை. அக்கட்டுரை 2016இல் விருப்பப் பகுதியாயிற்று. 2021இல் பொதுத்தேர்விலிருந்து நீங்கியது. செல்வமும் ஆராய்ச்சியும் மிகுந்த நாட்டிலேயே இந்நிலை என்றால், மாதிரிக் கட்டுரைத் தொகுதியை மனனம் செய்த செபராங் பிறை மாணவனை மட்டும் பழித்துப் பயனென்ன?

பழைய எடுத்துக்காட்டு பினாங்கு மக்களுக்கு இன்னும் அண்மையது. ஜார்ஜ் டவுனில் குடியேறிய சீனரின் தாய்நாட்டில் அரசுப் பணிக்கு ஆள் தேரும் தேர்வு ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடைபெற்றது. மிங் அரச மரபின் காலத்தில் அதற்குரிய கட்டுரை எட்டு உறுப்புகளாக இறுகியது. 'எட்டுக்கால் கட்டுரை' என்றே பெயர் பெற்றது. எந்த உறுப்பில் இணைவாக்கியம் வரவேண்டும் என்பது வரை விதி உண்டு. அதனைச் சீன அறிவின் சிறை என்று பிற்காலத்தார் தூற்றினர். ஆயினும் அது தோன்றிய காரணம் தூற்றத் தக்கதன்று. அத்தேர்வில் எழுதியவர் பெயர் ஒட்டி மறைக்கப்பட்டது. கையெழுத்தைக் கொண்டு ஆளை அறியாதிருக்க, விடைத்தாள் முழுவதையும் எழுத்தர் வேறொரு தாளில் படியெடுத்தனர். இத்துணைக் காவலுக்குப் பின்னும் திருத்துபவரின் விருப்பு வெறுப்பு எஞ்சி நிற்குமாதலின், கட்டுரையின் வடிவத்தையே ஒன்றாக்கினர். எல்லாரும் ஒரே வடிவில் எழுதினால் ஒப்பிடுவது எளிது. வடிவம் இறுகியது நேர்மையை நாடியே.

இங்கேதான் திறனாய்வாளர் நிதானிக்க வேண்டும். தேர்வுக் கட்டுரையின் வறட்சியைக் கண்டு தேர்வையே சாடுவோர் பலர். அவருள் பெரும்பாலோர் தேர்வில்லாமலே வாழ்வில் இடம் கிடைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1816இல் தோன்றிய பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்ற ஊ லியென் தே, ஒரு பொற்கொல்லரின் மகன். 1896இல் அரசியார் உதவிச் சம்பளத்தைத் தேர்வால் வென்று கேம்பிரிட்ஜ் சென்றார். 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளை நோயை அடக்கிய மருத்துவராக உலகம் அவரை அறிந்தது. தேர்வுத்தாள் அவருடைய தந்தையின் தொழிலைக் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளையின் விடைத்தாளிலும் எண்தான் உண்டு. தோட்டத்தின் பெயரோ சாதியோ, தந்தை பெயருக்கு முன்னால் வரும் பட்டமோ இல்லை. மங்கு கழுவிய கையும் மகிழுந்தில் வந்திறங்கிய கையும் அங்கே ஒரே எண்வரிசையில் நிற்கின்றன. இந்நாட்டில் தமிழருக்கு இத்தகைய இடங்கள் எத்தனை உள்ளன என்று எண்ணிப்பார்த்தால், தேர்வை எளிதாகத் தூக்கி எறிய மனம் வராது.

ஒரே அளவுகோல் குலைந்தால் என்ன நேரும் என்பதை இலங்கைத் தமிழர் பட்டறிந்திருக்கின்றனர். அங்குத் 'தரப்படுத்தல்' என்னும் சொல் ஒரு புண்ணின் பெயர். தமிழில் விடைத்தாள் திருத்துவோர் தம் மாணவருக்குத் தாராளமாக மதிப்பெண் இடுகின்றனர் என்ற குற்றச்சாட்டு முதலில் எழுந்தது. 1971ஆம் ஆண்டுச் சேர்க்கையில் மொழிக்கு மொழி வேறுபட்ட எல்லை மதிப்பெண்கள் வந்தன. பொறியியலுக்குத் தமிழ்வழி மாணவர் 250 பெறவேண்டியிருக்க, சிங்களவழி மாணவருக்கு 227 போதுமானதாயிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் தொடர்ந்தன. அவ்வெழுபதுகளின் இறுதியில் மொழிவாரி முறை கைவிடப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறையின் நம்பிக்கை கைவிட்டுப் போயிருந்தது. அதன் பின்விளைவுகள் யாவரும் அறிந்தவை. திருத்துபவரின் தாராளம் பற்றிய ஓர் ஐயமே போதும், ஒரு மொழியில் எழுதிய அனைவரையும் தண்டிக்க. ஆகவே தமிழ்க் கட்டுரைக்கு இத்தனை கருத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று விதி வகுத்து, எந்த ஊரில் யார் திருத்தினும் ஒன்றுபோல் வருமாறு செய்வதைத் தமிழாசிரியர் வெறுக்கலாகாது. அவ்விதி வறண்டது, அதன் வறட்சியே அதன் காவல்.

இனி, 'தேர்வு' என்னும் சொல்லுக்கே நம் மொழியில் இருபொருள் இருப்பதை நோக்கலாம். தேர்தல் என்பது ஆராய்தலும் ஆகும், தெரிந்தெடுத்தலும் ஆகும். வள்ளுவர் அரசியலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அமைச்சரை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கால் ஆராய்ந்து தெரிந்தெடுக்க வேண்டும் என்பது அங்கே கூறப்படும் முறை. அது ஒரு மனிதரை நெடுநாள் உடனிருந்து காணும் ஆராய்ச்சி. இலட்சக்கணக்கானோர் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு அவ்வாறு ஆராய முடியாது. தெரிந்தெடுக்க மட்டுமே அதனால் முடியும். ஆராயும் பொறுப்பு வேறெங்கோ இருக்கவேண்டும். அது வகுப்பறையில்தான் இருக்கமுடியும். வகுப்பறை அப்பொறுப்பைக் கைவிட்டு, தானும் தெரிந்தெடுக்கும் தொழிலில் இறங்கியதே தேர்வுக் கட்டுரையின் வீழ்ச்சிக்குக் காரணம்.

இது கடுமையான கூற்றாகத் தோன்றலாம், சான்று உண்டு. 2009ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். மாணவர் எழுதும் பாடங்கள் பத்துக்கு மேற்படலாகாது என்று அறிவிப்பு வந்தது. தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டுக்கும் இடமில்லாமற் போகுமே என்று தமிழர் கொதித்தெழுந்தனர். கூட்டங்கள் கூடின, மனுக்கள் சென்றன. ஆண்டின் இறுதியில் மேலும் இரண்டு பாடங்கள் எழுத இடந்தரப்பட்டது. அப்போராட்டம் தேவையான போராட்டம். அதனை நடத்தியோர் பாராட்டத் தக்கவர். ஆயினும் பள்ளி வாயிலில், பெற்றோரிடத்தில், அன்றும் பின்னரும் கூறப்பட்ட காரணங்களைக் கேட்டவர் ஒன்றைக் கவனித்திருப்பர். 'தமிழ் எடுத்தால் எளிதாக ஓர் ஏ கிடைக்கும்' என்பது அவற்றுள் முதலிடம் பெற்றது. மதிப்பெண்ணுக்காக ஒரு பாடத்தை விற்பவர், அதனினும் எளிதாக மதிப்பெண் தரும் வேறொரு பாடம் வரும் நாளில் வாங்குபவரைக் குறைகூற முடியாது. மேலும் அந்த எளிய ஏ எவ்வாறு கிடைக்கிறது? மாதிரிக் கட்டுரையால் கிடைக்கிறது. தமிழைக் காக்கும் வாதமும் தமிழ் உரைநடையை வறளச் செய்யும் பழக்கமும் ஒரே வாயிலிருந்து வந்தன.

இதனினும் வலிய சான்று பிறகு வந்தது. ஆறாம் ஆண்டு மாணவரை ஆட்டிப்படைத்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988 முதல் நடந்து, 2021இல் நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பி.தி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. தொடக்கப்பள்ளியில் மதிப்பீடு வகுப்பாசிரியர் கைக்கே வந்துவிட்டது. தேர்வுதான் பிள்ளைகளின் எழுத்தைக் கெடுத்தது என்பது உண்மையானால், தேர்வு போனவுடன் காலணியும் குடையும் தம் கதையை நிறுத்தியிருக்க வேண்டும். அவை நிறுத்தவில்லை. இன்னும் தொழிற்சாலையில் பிறக்கின்றன. இன்னும் கனவுந்தில் ஏறுகின்றன. தேர்வு வாரியம் கேளாததை வகுப்பறை தானாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது.

சீனத்திலும் இதுவே நிகழ்ந்தது. எட்டுக்கால் கட்டுரையைக் கைவிட 1901இல் ஆணை பிறந்தது. 1905இல் தேர்வு முறையே ஒழிந்தது. பினாங்கில் புதுமுறைச் சீனப் பள்ளியாகிய சுங் ஹுவா அதற்கு ஓராண்டு முன்னரே, 1904இல், தோன்றிவிட்டது. பழைய கட்டுரை மறைந்ததென்றே அனைவரும் எண்ணினர். ஆனால் நாற்பது ஆண்டு கழித்து, 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில், யெனானில் மா சேதுங் தம் கட்சியினருக்கு ஆற்றிய உரையொன்றின் பொருள் யாது? கட்சியினர் எழுதும் அறிக்கைகள் எட்டுக்கால் கட்டுரையாகவே இருக்கின்றன என்னும் கண்டனம். பழைய தேர்வை எழுதியே அறியாத இளைஞர் பழைய தேர்வின் நடையில் எழுதினர். அவரது அரசியலை ஏற்போரும் மறுப்போரும் இச்செய்தியை மனங்கொள்ளலாம்: ஒரு தேர்வு தன் உரைநடையைப் பெற்றுவிட்டால், பின் அவ்வுரைநடைக்குத் தாயின் உதவி தேவைப்படுவதில்லை.

இந்நாட்டிலேயே வேறு வழி ஒன்று இருந்ததை முதியோர் நினைவுகூர்வர். 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' இதழில் 'கதை வகுப்பு' என்று ஒரு பகுதி நடத்தினர். எழுதப் பழகுவோருக்குப் பாடம் அச்சாயிற்று; பயிற்சி தரப்பட்டது; வந்த கதைகளை அவ்விருவரும் படித்து, நிறைகுறை கூறினர். சிங்கப்பூர்த் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளைஞரின் எழுத்தை அச்சேற்றியது. மலாயாத் தமிழ் எழுத்தாளருள் ஒரு தலைமுறையினர் இவற்றிலிருந்தே எழுந்தனர். அங்கும் தரம் பிரித்தல் இல்லாமலில்லை. வேறுபாடு யாதெனில், எழுதியவருக்குப் படித்தவரிடமிருந்து மறுமொழி கிடைத்தது. இந்த இடம் தளர்கிறது, இந்தப் பாத்திரம் ஏன் அழுகிறாள், இதனை நீர் கண்டதுண்டா என்று ஒருவர் கேட்டார். தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. கேட்கும் வழக்கமும் அதனோடு போகவேண்டியதில்லை.

தமிழாசிரியர் இதற்கு ஒரு விடை வைத்திருப்பர்: வகுப்பில் முப்பது பிள்ளைகள், வாரத்தில் சில பாடவேளைகள், நிரப்ப வேண்டிய படிவங்களோ அளவில, ஒவ்வொரு கட்டுரைக்கும் மறுமொழி எழுத நேரம் ஏது? இவ்விடை பொய்யன்று. தோட்டப்பள்ளிகளிலோ வேறு நிலை. பல பள்ளிகளில் ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளும் இல்லை. குடியிருப்போர் பட்டணம் சென்றதால் பள்ளியே எஞ்சுமா என்னும் கவலை. அக்கவலைக்கிடையில் பத்துக் கட்டுரைகளைப் படித்து மறுமொழி எழுதும் வாய்ப்பு அங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. மாதிரிக் கட்டுரையை அறவே விலக்கவும் வேண்டியதில்லை. ஐந்தாம் படிவத்தின் கடைசி மாதங்களில், இது தேர்வு மண்டபத்துக்குரிய நடை, சீருடைபோல அங்கே அணிந்து இங்கே களைய வேண்டியது என்று வெளிப்படையாகச் சொல்லிக் கற்பிக்கலாம். பிள்ளைகள் அதனைப் புரிந்துகொள்வர். சீருடையைத் தோல் என்று சொல்லிக் கற்பிக்கும்போதுதான் கேடு விளைகிறது.

காலணிக்கே திரும்பலாம். செம்பனைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாயின் ரப்பர்க் காலணி, இரவில் வாசற்படியில் கவிழ்த்து வைக்கப்படும். பூரானும் தேளும் உள்ளே புகாதிருக்க. விடியுமுன் எழுந்து, அதனை இருமுறை தரையில் தட்டிப் பார்த்த பின்னரே கால் நுழைப்பர். குதிகால் கிழிந்தால் வீசுவதில்லை. மிதிவண்டி டியூபை வெட்டி ஒட்டுவர். இத்தனையும் நாள்தோறும் காணும் பிள்ளை வகுப்பில் அமர்ந்து, தான் ஒரு தொழிற்சாலையில் பிறந்ததாகவும் கண்ணாடிப் பேழையில் காத்திருந்ததாகவும் எழுதுகிறது. ஏட்டின் ஓரத்தில், 'உன் வீட்டில் காலணியை எங்கே வைப்பார்கள்?' என்று சிவப்பு மையால் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தால், மறுவாரம் அரைப்பக்கம் வரும். அதில் லகர ளகரம் தடுமாறும், ஒற்று விடுபட்டிருக்கும், ஒரு பழமொழியும் இராது. அதனையும் அமர்ந்து திருத்த வேண்டும்.